பொதுவில் விளைந்த பெருமை

ஒரு தேசத்தாரின் அபிமானம் எதன்மேல் நிலைத்திருக்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள், அத்தேசத்தின் கொடியையும் கீதத்தையும், அது விடுதலை பெற்ற நாளையும், அந்நாளில் நடைபெறும் அணிவகுப்புகளையும் நோக்குவது வழக்கம். பிரிட்டனைப் பொறுத்தமட்டில் இந்த வழக்கம் நமக்கு அதிகமாக உதவாது. பிரிட்டனுக்குச் சுதந்திர தினம் என்று ஒன்று இல்லை. உலகின் பல கண்டங்களிலும் வருஷந்தோறும் கொண்டாடப்படும் சுதந்திர தினங்களில் மிகப் பல, பிரிட்டனிடமிருந்து விலகிய நாட்களாகவே இருக்கின்றன. ஒரே புஸ்தகமாகத் தொகுத்து வைத்த அரசியல் சாஸனமும் அந்நாட்டுக்கு இல்லை. இங்கிலாந்துக்காரர் புனித ஜார்ஜின் திருநாளையும், ஸ்காட்லாந்துக்காரர் புனித ஆண்ட்ரூவின் திருநாளையும், வேல்ஸ்காரர் மார்ச் முதல் தேதி வரும் புனித டேவிட்டின் திருநாளையும் தத்தமக்குரியவையாகக் கொண்டிருக்க, வட அயர்லாந்தில் தம்மைப் பிரிட்டிஷார் என்போரும் ஐரிஷ்காரர் என்போரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்துவர, இவர்கள் அனைவரும் ஒன்றுகூடி நம்முடைய நாள் என்று சொல்லிக்கொள்ளத்தக்க தேசியத் திருநாள் எதுவும் அங்கே விதிக்கப்படவில்லை. உலகக் கோப்பைக் கால்பந்தாட்டத்தில்கூட நான்கு நாட்டாரும் நான்கு தனி அணிகளாகவே களமிறங்குகிறார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1707-இல் ஒரே பார்லிமெண்டின்கீழ் இணைந்தன. முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2014-இல், பிரிந்துபோக விருப்பமா என்று ஸ்காட்லாந்து ஜனங்களைக் கேட்டபோது நூற்றுக்கு 55 பேர் சேர்ந்திருக்கவும் 45 பேர் பிரிந்துபோகவும் வாக்களித்தார்கள்.

அப்படியிருக்க, பிரிட்டிஷாராக இருப்பதில் உங்களுக்குப் பெருமை தருவது எது என்று அந்நாட்டின் சாமானிய மனிதர்களை ஆராய்ச்சியாளர்கள் பலகாலமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். அரச குடும்பம், படைகள், ஜனநாயகம், இலக்கியம், விளையாட்டு ஆகிய எல்லாவற்றுக்கும் அவர்கள் தரும் விடைகளில் இடமுண்டு. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளில் மீண்டும் மீண்டும் முதலிடத்திலோ அதன் அருகிலோ வந்து நிற்பது வேறொன்று. அது ஒரு வைத்திய ஏற்பாடு. என்.எச்.எஸ். என்று ஜனங்கள் வாய்க்கு வாய் சொல்லும் தேசிய சுகாதார சேவையே, ஏறக்குறைய ஏழு கோடி மக்கள் வாழும் அந்த நாட்டில், தம் நாட்டைக் குறித்து நெஞ்சு நிமிரச் சொல்லிக்கொள்ளும் முதல் விஷயமாக விளங்குகிறது. அரசன் பெயரையும் போரில் வென்ற தளபதியின் பெயரையும் தாண்டி, ஓர் ஆஸ்பத்திரி ஏற்பாடு ஒரு ஜன சமூகத்தின் இருதயத்தில் இப்படி இடம்பிடித்தது எவ்வாறு என்பது ஆராயத்தக்க விஷயம்.

இதன் மறுபக்கத்தில் இன்னொரு மாறுதலையும் கவனிக்க வேண்டும். தங்கள் நாட்டின் சரித்திரத்தைக் குறித்துப் பெருமைப்படுகிறோம் என்று 2013-இல் நூற்றுக்கு 86 பேர் சொன்னார்கள். பத்தே ஆண்டுகளில், 2023-இல், அது 64 ஆகக் குறைந்துவிட்டது. பழைய தலைமுறையினருக்கு மார்பை விரியச் செய்த சாம்ராஜ்யக் கதைகளைப் புதிய தலைமுறையினர் வேறு கண்கொண்டு படிக்கிறார்கள். அடிமை வியாபாரத்தில் பொருள் குவித்த எட்வர்ட் கோல்ஸ்டனுக்கு பிரிஸ்டல் நகரத்தார் 1895-இல் எழுப்பியிருந்த சிலையை, 2020 ஜூன் மாதத்தில் கூட்டத்தினர் கயிறு கட்டி இழுத்து வீழ்த்தித் துறைமுகத்து நீரில் தள்ளினார்கள். பின்னர் நகரசபையார் அதை நீரிலிருந்து எடுத்து, அதன்மேல் பூசப்பட்ட வண்ணத்தையும் அழிக்காமல், ஒரு காட்சிசாலையில் கிடத்தி வைத்தார்கள். அந்தச் சாம்ராஜ்யத்தின் சுமையைத் தாங்கிய பக்கத்திலிருந்து வந்த நமக்கு, இந்த மாறுதல் காலங்கடந்து வந்ததாகத் தோன்றலாம். எனினும், முன்னோர் பிறர் நாட்டில் செய்ததை எண்ணிப் பெருமைப்படுவதை ஒருவர் விட்டுவிடுவதும், தம் ஊரில் தம்மவர் ஒருவருக்கொருவர் செய்துகொண்டதை எண்ணிப் பெருமைப்படுவதும் ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல. இரண்டாவது பெருமை முந்தியதைவிட உயர்ந்தது என்பதே என் துணிபு.

தெற்கு வேல்ஸில் திரடீகர் என்ற சிற்றூர் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்தையும் இரும்பாலையையும் நம்பி வாழ்ந்த ஊர். சுரங்கத்தில் மண் சரிந்து கால் முறிந்தாலும், தூசி நுரையீரலில் படிந்து மூச்சு திணறினாலும் வைத்தியருக்குக் கொடுக்கக் கையில் காசில்லாத அவ்வூர்த் தொழிலாளிகள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே தங்கள் கூலியில் ஒவ்வொரு பவுனிலிருந்தும் சில பென்னிகளை எடுத்துப் பொது நிதி ஒன்றில் சேர்த்து, அந்த நிதியிலிருந்து தாங்களே வைத்தியர்களை நியமித்துக்கொண்டார்கள். நாளடைவில் ஆஸ்பத்திரியும், பல் வைத்தியமும், மூக்குக் கண்ணாடியும் அந்தச் சங்கத்தின் மூலம் ஊராரில் அநேகமாக எல்லோருக்கும் கிடைக்கலாயின. ஏ. ஜே. குரோனின் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் 1920-களில் அங்கே உத்தியோகம் பார்த்தார். அந்த அநுபவத்தை ஆதாரமாகக் கொண்டு அவர் 1937-இல் வெளியிட்ட 'தி சிட்டடெல்' நாவல் நாடெங்கும் வாசிக்கப்பட்டு, வைத்தியம் விலைபொருளாக இருப்பதன் கொடுமையை ஜனங்கள் உணரச் செய்தது.

அதே திரடீகரில் 1897-இல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் பிறந்து, பள்ளிப் பருவம் தாண்டுவதற்குள் தாமும் சுரங்கத்தில் இறங்கியவர் அனூரின் பெவன். கரித்தூசி நோயினால் தம் தந்தை இறந்ததைக் கண்ணெதிரே கண்டவர். ஊர் வைத்தியச் சங்கத்தின் நிர்வாகத்தில் பங்குகொண்டவர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து 1945-இல் தொழிற்கட்சி அரசாங்கம் அமைத்தபோது இவர் சுகாதார மந்திரியானார். யுத்தத்தின் நடுவிலேயே, 1942 டிசம்பரில், வில்லியம் பெவரிட்ஜ் வெளியிட்ட அறிக்கை வறுமை, நோய், அறியாமை, அழுக்குக் குடியிருப்பு, வேலையின்மை என்ற ஐந்தையும் நாட்டின் பகைகளாகக் குறித்திருந்தது. குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்டில் அந்த அரசாங்க அறிக்கையை ஜனங்கள் லட்சக்கணக்கில் வாங்கிப் படித்தார்கள். பெவன் அந்த எண்ணத்துக்கு உருக்கொடுத்தபோது தம் ஊரில் கண்டதையே நாடு முழுவதற்கும் விரிப்பதாகக் கருதினார். வைத்தியர்களின் சங்கம் கடுமையாக எதிர்த்தது. பேச்சுவார்த்தைகள் பலமுறை முறியும் நிலைக்கு வந்தன. கடைசியில் 1948 ஜூலை 5-ஆம் தேதி சேவை தொடங்கியது.

அதற்கு முன் நிலைமை எப்படியிருந்தது என்பதை அறிந்தாலன்றி அந்நாளின் அருமை விளங்காது. லாயிட் ஜார்ஜ் 1911-இல் கொண்டுவந்த காப்பீட்டுச் சட்டம், கூலி வேலை செய்த ஆண்மகனுக்கு வைத்தியம் அளித்தது. அவனுடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அளிக்கவில்லை. பிள்ளை பெற்ற நாளிலிருந்து வந்த உபாதைகளை யாரிடமும் சொல்லாமல், வைத்தியருக்குக் கொடுக்கவேண்டிய கட்டணம் அடுத்த வேளை உணவிலிருந்து போய்விடுமே என்று அஞ்சி, பத்து இருபது வருஷங்களாகப் பொறுத்துக்கொண்டிருந்த தாய்மார்கள் அந்த ஜூலை மாதத்திலே முதன்முறையாக வைத்தியசாலையின் படியேறினார்கள். கடையில் கிடைத்த ஏதோ ஒரு கண்ணாடியைக் கொண்டு கஷ்டப்பட்டுப் படித்துவந்த முதியவர்கள் தம் பார்வைக்கேற்ற கண்ணாடியைப் பெற்றார்கள். இந்த நினைவு குடும்பங்களுக்குள்ளே பாட்டியிடமிருந்து பேத்திக்குச் சொல்லப்பட்டு வருகிறது. என்.எச்.எஸ்.ஸின்மேல் அந்த ஜனங்களுக்குள்ள பற்றைப் புரிந்துகொள்ள, புள்ளிவிவரங்களைவிட இந்தக் குடும்பக் கதைகளே நமக்குத் துணைசெய்யும்.

2012 ஜூலையில் லண்டன் ஒலிம்பிக் விழாவின் தொடக்க நாள் நிகழ்ச்சியை அமைத்த டானி பாயில், உலகத்தார் முன்னிலையில் தம் நாட்டை எதைக் கொண்டு காட்டுவது என்று யோசித்து, உண்மையான நர்ஸுகளையும் ஆஸ்பத்திரிப் பணியாளர்களையும் மைதானத்தின் நடுவே கட்டில்களுடன் நடனமாடச் செய்தார். வெளிநாட்டுப் பார்வையாளர் பலருக்கு அது விளங்கவில்லை. உள்நாட்டுக்காரர் கண்ணில் நீர் மல்கப் பார்த்தார்கள். 2020-இன் கொள்ளைநோய்க் காலத்தில் வியாழக்கிழமைதோறும் இரவு எட்டு மணிக்கு வீட்டு வாயில்களிலும் ஜன்னல்களிலும் நின்று கைதட்டி நன்றி தெரிவித்ததும் அந்த அன்பின் வெளிப்பாடுதான். அந்த அன்பு குறைகளை அறியாததன்று. சிகிச்சைக்காக மாதக்கணக்கில் காத்திருப்போரும், அவசரப் பிரிவின் தாழ்வாரத்திலே படுக்கையின்றி இரவைக் கழிப்போரும் மனம் நொந்து பேசுகிறார்கள். சேவையைக் குறித்த திருப்தி சமீப வருஷங்களில் மிகவும் தாழ்ந்துபோயிருக்கிறது. ஆனாலும் வைத்தியம் எல்லோருக்கும் இலவசமாக இருக்கவேண்டும், வரிப்பணத்திலிருந்து நடக்கவேண்டும் என்ற மூலக் கொள்கையைக் கைவிடலாமா என்று கேட்டால், அதே ஜனங்கள் மிகப் பெரும்பான்மையாக மறுத்துவிடுகிறார்கள். நேசிக்கும் பொருள் சீர்கெடுவதைக் கண்டு வரும் கோபம் அது.

இந்தச் சேவையை இத்தனை காலம் தாங்கி நிறுத்தியவர்களில் நம்மவர் பங்கும் பெரிது. யுத்தத்துக்குப் பின் வந்த சில பத்தாண்டுகளில் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறிச் சென்ற வைத்தியர்கள், உள்நாட்டு வைத்தியர்கள் விரும்பாத தொழில் நகரங்களிலும், பெவன் பிறந்த வேல்ஸ் பள்ளத்தாக்குகளிலும் போய் அமர்ந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் கொழும்பிலும் படித்துப் பட்டம் பெற்ற தமிழ் வைத்தியர்களும் அவர்களில் உண்டு. 1980-களில் பிரிட்டனின் குடும்ப வைத்தியர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் நம் துணைக்கண்டத்தில் பிறந்தவர். கரித்தூசியால் இருமும் கிழவரின் முதுகில் குழல் வைத்துக் கேட்டவரும், அவருடைய பேரனைப் பிறந்தபோது கையில் ஏந்தியவரும் கடல்கடந்து வந்த ஒருவரே என்றால், அவ்வூராரின் பெருமையில் அவருக்குப் பாத்தியதை இல்லை என்று யார் சொல்ல முடியும்? இங்கிலாந்தில் குடியேறியவர்களின் மக்கள் தங்களை 'இங்கிலீஷ்' என்பதைவிடப் 'பிரிட்டிஷ்' என்று சொல்லிக்கொள்வதையே அதிகமாக விரும்புகிறார்கள். வம்சத்தைக் கேளாமல் உழைப்பைக் கொண்டு ஒருவரை உள்ளே சேர்த்துக்கொள்ளும் விசாலம் அந்தப் பெயரில் இருப்பதே இதற்குக் காரணம் என்று நான் எண்ணுகிறேன்.

அரசாங்கம் நடத்தும் சேவை இவ்வாறிருக்க, அரசாங்கத்தின் கை படாமல் ஜனங்களே நடத்தும் இன்னொரு ஸ்தாபனம் உண்டு. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஐரிஷ் கடலின் நடுவிலுள்ள மான் தீவில் வசித்த சர் வில்லியம் ஹில்லரி, தம் வீட்டின் எதிரே டக்ளஸ் விரிகுடாவில் கப்பல்கள் பாறையில் மோதி உடைவதையும், கரையில் நிற்கும் செம்படவர்கள் துணிந்து படகிறக்கி மாலுமிகளை மீட்பதையும் கண்டு, இந்தத் துணிவை நாடு தழுவிய ஏற்பாடாக்க வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தார். அதன் பயனாக 1824 மார்ச் 4-ஆம் தேதி லண்டனில் ஒரு விடுதியில் கூடிய கூட்டத்தில், இன்று ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிட்யூஷன் எனப்படும் உயிர்காப்புப் படகுச் சங்கம் பிறந்தது. ஆபத்திலிருப்பவர் எந்த தேசத்தவரானாலும், யுத்த காலமானாலும் சமாதான காலமானாலும், காப்பாற்றப்பட வேண்டும் என்பது அதன் ஆரம்பத் தீர்மானங்களில் ஒன்று. ஹில்லரி பேச்சோடு நின்றவர் அல்லர். நீந்தத் தெரியாதவராயிருந்தும் அறுபதை எட்டிய வயதில் புயலில் படகேறிச் சென்று, விலா எலும்புகள் முறிய, ஒரு கப்பலின் மாலுமிகளை மீட்டுக் கொண்டுவந்தார்.

இந்தச் சங்கத்தின் சரித்திரத்தில் மிகவும் கருதத்தக்க ஓர் அம்சம் உண்டு. 1854 முதல் 1869 வரை அரசாங்கம் இதற்கு மானியம் கொடுத்தது. அரசாங்கம் கொடுக்கும்போது நாம் ஏன் கொடுக்கவேண்டும் என்று ஜனங்களின் நன்கொடை குறையலாயிற்று; சங்கத்தார் மானியத்தையே வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். அன்றுமுதல் பெரும்பாலும் நன்கொடையாலும், மரண சாஸனங்களில் எழுதிவைக்கப்படும் தொகைகளாலும் அது நடந்துவருகிறது. பிரிட்டன், அயர்லாந்து ஆகிய இரு நாடுகளின் கரைகளிலும் இருநூறுக்கு மேற்பட்ட நிலையங்களில், தச்சரும் ஆசிரியரும் மீனவரும் கடைக்காரருமாக உள்ள தொண்டர்கள், அழைப்பு வந்த கணத்தில் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். அயர்லாந்து தனி நாடான பின்பும் இந்த ஒரு ஸ்தாபனம் இரண்டாகப் பிரியவில்லை.

கார்ன்வால் கரையிலுள்ள மௌசல் என்ற மீனவ கிராமத்தில், 1981 டிசம்பர் 19-ஆம் தேதி இரவு நடந்ததை அந்நாட்டார் இன்னும் மறக்கவில்லை. 'யூனியன் ஸ்டார்' என்ற சரக்குக் கப்பல், தன் முதற் பிரயாணத்திலேயே இயந்திரம் நின்றுபோய், சூறாவளியில் பாறைகளை நோக்கி அடித்துச் செல்லப்பட்டது. அதில் தலைவனுடைய மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் உள்பட எட்டுப் பேர் இருந்தார்கள். ஹெலிகாப்டர் வந்தும் அலையின் உக்கிரத்தில் ஒருவரையும் தூக்க முடியவில்லை. மௌசலின் படகுத் தலைவர் டிரெவல்யன் ரிச்சர்ட்ஸ், தாம் எங்கே போகிறோம் என்பதை முற்றும் உணர்ந்தவராகையால், ஒரே குடும்பத்திலிருந்து இருவரை ஏற்றமாட்டேன் என்று சொல்லி, தகப்பனோடு ஓடிவந்த பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கரையிலேயே நிறுத்திவிட்டு, ஏழு பேருடன் 'சாலமன் பிரௌன்' என்ற மரப்படகை இறக்கினார். நான்கு பேரைப் படகில் ஏற்றிவிட்டோம் என்ற செய்தி வானொலியில் வந்தது. எஞ்சியவர்களையும் விட்டுவர மனமின்றி மீண்டும் கப்பலை அணுகினார்கள் போலும். அதன்பின் குரல் கேட்கவில்லை. இரு கலங்களிலும் இருந்த பதினாறு பேரும் மாண்டார்கள். எட்டுக் குடும்பங்கள் அழுதுகொண்டிருந்த அந்தச் சிற்றூரிலிருந்து, ஒரு நாள் கழிவதற்குள், புதிய படகுக்குப் போதுமான ஆட்கள் தாமாகவே முன்வந்து பெயர் கொடுத்தார்கள். கரையில் நிறுத்தப்பட்ட அந்தப் பையனும் பிற்காலத்தில் அந்நிலையத்துப் படகின் தலைவனானான். கிறிஸ்துமஸ் விளக்கலங்காரத்துக்குப் பேர்போன மௌசல், ஒவ்வொரு டிசம்பர் 19-ஆம் தேதியும் ஒரு மணி நேரம் தன் விளக்குகளைத் தணித்துவிடுகிறது.

கடலைப் போலவே நிலத்திலும் அவர்கள் பொதுவாக வைத்திருக்கும் ஒரு செல்வம் பொது நடைவழிகள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்கு, தனியார் வயலின் நடுவேயும் தோட்டத்தின் ஓரமாகவும், யார் வேண்டுமானாலும் நடந்து செல்லலாம் என்ற உரிமையோடு கூடிய பாதைகள் படத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றன. குறுக்கே செல்லும் வழியை உழுதுவிட்ட விவசாயி குறித்த காலத்துக்குள் அதைத் திருத்தித் தரவேண்டும். இவையும் தானாகக் கிடைத்துவிடவில்லை. மான்செஸ்டர், ஷெஃபீல்ட் நகரங்களின் ஆலைத் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கானோர், வாரம் முழுதும் புகையில் உழன்றபின் ஞாயிற்றுக்கிழமை மலைக்காற்றைச் சுவாசிக்க விரும்பி, பிரபுக்கள் பறவை வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலத்தில் 1932 ஏப்ரல் 24-ஆம் தேதி அத்துமீறி ஏறினார்கள். ஐந்து இளைஞர்கள் சிறை சென்றார்கள். 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறிற்று. 1951-இல் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பீக் டிஸ்டிரிக்டில் அந்த மேட்டுநிலமும் அடங்கியது. நிகழ்ச்சியின் எழுபதாம் ஆண்டு நிறைவில், பழைய உரிமையாளரின் வம்சத்தில் வந்த டெவன்ஷயர் பிரபு ஜனங்கள் முன்னிலையில் தம் முன்னோரின் செயலுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

இத்தகைய பெருமைக்குச் சோதனையும் அவ்வப்போது வராமலில்லை. பிரெஞ்சுக் கரையிலிருந்து ரப்பர்ப் படகுகளில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்துவரும் அகதிகளை உயிர்காப்புப் படகுகள் மீட்பதை 2021-இல் சில அரசியல்வாதிகள் கண்டித்தார்கள். சட்டத்துக்குப் புறம்பாக வருகிறவர்களுக்கு இது வாகன வசதி செய்து கொடுப்பதாகும் என்றார்கள். கரையில் சிலர் தொண்டர்களை ஏசவும் செய்தார்கள். சங்கத்தின் தலைமை நிர்வாகி, மூழ்குகிறவர் யார், எங்கிருந்து வந்தார் என்று தம் படகினர் விசாரிப்பதில்லை என்பதைத் தெளிவாகச் சொன்னார். அதையடுத்து ஒரே நாளில் இரண்டு லட்சம் பவுனுக்கு மேல் நன்கொடை வந்து சேர்ந்தது. குடியேற்றத்தை எவ்வாறு கட்டுப்படுத்துவது என்பதில் அந்நாட்டார் இன்றும் கடுமையாகக் கருத்து மாறுபடுகிறார்கள். பார்லிமெண்டில் சட்டங்கள் மாறி மாறி வருகின்றன. டோவரிலும் டஞ்சனஸிலும் உள்ள தொண்டர்கள் 1824-இன் தீர்மானப்படியே படகிறக்கி வருகிறார்கள்.